ஜோங்காவுக்கு வைத்த பொட்டு

தாராவி, தொண்ணூறடி சாலை
3 ஆகஸ்ட் 2025

என் அண்ணனுக்கு மாரிசெல்வி எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். மழை மட்டும் தாராவியை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அந்தப் பனிமலையில் உன் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா?

பதினைந்து நாளைக்கு ஒருமுறை உனக்குக் கிடைக்கிற ஐந்து நிமிடப் போன், அம்மா அழுது மூக்கைச் சிந்தவே போதவில்லை. எனக்கு மிஞ்சுவது "படிக்கியாட்டி?" என்ற ஒரே கேள்விதான். அதனால் இனிமேல் கடிதம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நாம் வாங்கிய அடிக்கு ஏதாவது பிரயோசனம் வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். செம்பூரில் எங்கள் என்.சி.சி. யூனிட் ஷெட்டில் ராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா ஒன்று நிற்கிறதே, தார்ப்பாய்க்குள் பூனை குட்டி போட்டு வைத்திருந்த அந்தப் பெரிய ஜீப், அதைக் கேடட்டுகளே பிரித்துப் பழுது பார்த்து ஓட வைக்க வேண்டும் என்று ஆர்டர் வந்துவிட்டது. இயந்திர வேலையை நாங்கள் கையால் படிக்க வேண்டுமாம். மேற்பார்வைக்குச் சுபேதார் நாணு சாப், மலையாளி. அவர் பேசுவது குறைவு, முறைப்பது அதிகம்.

ஜனவரி 26 அணிவகுப்பில் வண்டி ஓடினால் யூனிட்டோடு இருக்கும். ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும். வேலையில் யார் முதலாவதாக நிற்கிறார்களோ அவர்தான் அன்றைக்கு ஸ்டீரிங் பிடிப்பார் என்றும் சாப் சொல்லிவிட்டார். அண்ணே, எனக்கு அந்த ஸ்டீரிங் வேண்டும். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதாக நினைவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நேற்று என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ள கையாட்டி இது? பட்டறைல கெடக்க கரித்துணி கணக்கால்லா இருக்கு" என்றாள். சோறு போடும்போது தட்டைத் தள்ளித்தான் வைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடாவிட்டால் உன் பழைய கிரிக்கெட் பேட்டை விற்றுவிடுவேன்.

உன் தங்கை,
மாரி


ராணுவ அஞ்சல் வழி
26 ஆகஸ்ட் 2025

தங்கச்சி மாரிக்கு, சுரேந்திரன்.

காதும் மூக்கும் இருக்கின்றன. மூக்கு எப்போதும் ஒழுகுகிறது, ஆனாலும் என்னுடையதுதான். நீங்கள் மூவரும் நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். கடிதம் கைக்கு வர நாளாகிறது. மலைப்பாதை திறந்திருந்தால்தான் தபால் ஏறி வரும்.

உன் கடிதத்தைப் படித்து லாரிக்குள் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இங்கே டிரைவர் வேலை பார்க்கிற நானே ஜோங்காவை ஒருமுறைதான் ஓட்டியிருக்கிறேன். அது லேசில் வசப்படுகிற வண்டி இல்லை. கிளட்சை மிதிக்க உன் முழு எடையும் வேண்டும். நீயோ காற்றடித்தால் மாட்டுங்கா ஸ்டேஷனில் போய் விழுகிற ஆள்.

இருந்தாலும் ஒன்று சொல்லட்டுமா? அந்த ஸ்டீரிங்கை நீ பிடிப்பாய். சின்ன வயதில் கார்ப்பரேஷன் குழாயடியில் எத்தனை பேர் நின்றாலும் நம் குடம்தானே முதலில் நிறையும்!

ஆனால் உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் பானையை உடைத்தாலும் நீ முன்னால் போய் நின்று அடிக்கு முதுகைக் காட்டுவாய். என்னுடைய அடியில் பாதியை நீதான் வாங்கியிருக்கிறாய். ஷெட்டில் அந்த வேலை வேண்டாம்.

அம்மாவின் முட்டுவலிக்குத் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

அண்ணன்


தாராவி
21 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு, உன் தங்கையும் நாட்டின் வருங்கால மெக்கானிக்குமான மாரி வணக்கம் சொல்கிறாள். தைலம் வாங்கியாயிற்று. எல்லோரும் நலம். அப்பா இந்தச் சனிக்கிழமை உல்லாஸ்நகர் தையல் பட்டறையிலிருந்து வந்து, உன் கடிதத்தை இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

என்ஜினைப் பிரித்தாயிற்று! பூனைக்குட்டிகளைக் கேன்டீனுக்குக் குடிமாற்றிவிட்டோம். எங்கள் ஆட்களை நீ பார்க்க வேண்டும். குர்லாவிலிருந்து வருகிற உஸாமாவின் மாமாவுக்குப் பழைய சாமான் கடை. துருப்பிடித்த எதைக் காட்டினாலும் அது எந்த வண்டியில் இருந்தது என்று சொல்கிறான். தாதர் பையன் பிரதமேஷ் நோஞ்சான், ஆனால் காது என்ன காது! ஓடுகிற மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறான். இவர்களோடு வேலை செய்ய எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஒரு தொல்லை இருந்தது. இத்தனை கைகள் வேலை செய்தால் எந்த நட்டு முழுதாக முடுக்கினது, எது பாதி என்று யாருக்கும் தெரியவில்லை. நான் என் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுபோனேன். கடைசிச் சுற்று முடுக்கி முடித்த நட்டில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை. நாணு சாப் அதைப் பார்த்து முதல்முறையாக முறைக்காமல் இருந்தார். மறுநாள், "இனி மாரி பறயுந்நதுதான் கணக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இப்போது வேலையை நடத்துகிறவள் நான்!

இதைவிடப் பெரிய சேதி, ஆயுத பூஜையை ஷெட்டில் வைக்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அம்மா, "சாமானுக்கெல்லாம் பூசைன்னா நா வராம எப்பிடிட்டி?" என்றாள். அவளே வருகிறாள். சுண்டல் அவள் பொறுப்பு. நேற்றிலிருந்து என் தட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் சோறு போடுகிறாள்.

சந்தோஷத்தில் இருக்கும்,
மாரி


தாராவி
7 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமா? உன் பதில் இன்னும் வரவில்லை, பாதை மூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு எனக்கு விளையாட்டாக எழுத வரவில்லை. என்ஜின் கெட்டுப்போய்விட்டது.

நவமியன்று சாயங்காலம், என்ஜினுக்கு மூடி மாதிரியான சிலிண்டர் ஹெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தோம். அந்த நட்டுகளை மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இரண்டு சுற்று முடிந்தது. அதற்குள் பூஜை நேரம். நாணு சாப் ஊரிலும் நம் வழக்கம்தான், ஸ்பேனர் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார். வைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் கருவியைத் தொடக்கூடாது அல்லவா? மூன்றாம் சுற்று நாளைக்கு என்று விட்டுவிட்டோம். தேங்காய் உடைத்ததும் சாப் ஆபீசுக்குப் போய்விட்டார். நாங்கள் வெளியே சுண்டலுக்கு அடித்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரத்தில் யாரோ பக்தியோடு என்ஜினுக்குக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். சந்தனம் தீர்ந்துபோயிருந்ததால் வெறும் குங்குமத்தைக் குழைத்து, ஹெட்டில் ஒரு நட்டு விடாமல் வைத்திருக்கிறார்கள்.

பிரதமேஷ் நவமியன்று வரவில்லை, அவன் வீட்டில் தசரா அன்றைக்குத்தான் வண்டிப் பூஜை. மறுநாள் காலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் சாமந்தி மாலையோடு வந்திருக்கிறான். எல்லா நட்டிலும் சிவப்பைப் பார்த்திருக்கிறான். அந்த ஷெட் இருட்டில் குங்குமத்துக்கும் நகப்பூச்சுக்கும் யாருக்கு வித்தியாசம் தெரியும்? வேலை முடிந்தது என்று ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிவிட்டான். நல்லநாளில் வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. நாங்கள் போனபோது வெள்ளைப்புகை. தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கி, பால் ஊற்றிய டீ நிறத்தில் வழிந்தது. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கிற கேஸ்கட் தகடு கிழிந்துவிட்டது.

"பொட்டு யார் வைத்தது?" என்று நாணு சாப் கேட்டார். நான்தான் என்றேன். வேலையை நடத்துகிறவள் நான், வேறு யாரைச் சொல்வது? அடையாளத்தையே குழப்புகிறவள் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்டீரிங் பிரதமேஷுக்குப் போய்விட்டது. அவன் வேண்டாம் என்று அழுதான், பாவம்.

அம்மாவிடம் போனில் எதுவும் கேட்காதே. அன்றைக்குப் பூஜையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் முன்பின் தெரியாதவளிடம், "எம்மவ பட்டாளத்து வண்டி செய்யுதா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாரி


தாராவி
9 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன மாத நடுவில் வந்த போனோடு சரி, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. டிவியில் உங்கள் பக்கம் பனி கொட்டுவதாகக் காட்டினார்கள். அம்மா டிவியை அணைத்துவிட்டு வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

உஸாமாவும் நானும் குர்லா, உல்லாஸ்நகர், கல்யாண் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கேஸ்கட்டுக்கு அலைந்தோம். ஜோங்கா என்றாலே கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் கல்யாண் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில், பரணில், பிரிக்காத உறையோடு ஒன்று கிடந்தது. உஸாமா அதை ரயில் கூட்டத்தில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே குர்லா வரைக்கும் வந்தான். ஒரு ஆள் மேலே பட விடவில்லை. அவனைப் பெற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

இப்போது ஹெட்டை மறுபடி கழற்றித் தேய்த்துச் சமமாக்கி, முதலிலிருந்து பூட்டுகிறோம். ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இனி எங்கள் அடையாளம் சிவப்பு இல்லை, வெள்ளைப் பெயிண்ட். யார் எவ்வளவு குங்குமம் வைத்தாலும் வைக்கட்டும், வண்டிக்கு நல்லதுதானே. வெள்ளை டப்பாவையும் பிரஷையும் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள்.

"செவப்பு என்னாச்சுட்டி?"

"தீந்துபோச்சும்மா."

ஸ்டீரிங் விஷயத்தையும் சொன்னேன். பையன்தான் ஓட்ட வேண்டும் என்று மேலே இருந்து ஆர்டர் என்றேன். "என்ன ஆர்டரு அது, எடுபட்ட ஆர்டரு" என்று அரைமணி நேரம் அரசாங்கத்தைத் திட்டினாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

எழுது அண்ணே.

மாரி


ராணுவ அஞ்சல் வழி
23 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். பயப்படாதே. பாதை மூடி, தபால் எல்லாம் கீழேயே தங்கிவிட்டது. உன் மூன்று கடிதமும் ஒரே நாளில் வந்தன. தேதி பார்க்காமல் கடைசிக் கடிதத்தை முதலில் பிரித்துவிட்டேன். அதில் கேஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள், எதற்கென்று விளங்கவில்லை.

ஒரு விஷயம். அக்டோபர் நடுவில் எனக்குப் போன் கிடைத்தது. அம்மா அன்றைக்கு அழவே இல்லை. பூஜையைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னாள். "எல்லாரும் திங்க போயிட்டாவ. நா மட்டும் உள்ள போயி ஒரு நட்டு விடாம பொட்டு வச்சேம்ல. அவ வண்டில்லா, கண்ணு பட்டுரக் கூடாது" என்றாள். நானும் நல்லது செய்தாய் என்று சொல்லி வைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது உன் கடிதத்தில் "யாரோ" என்று இருக்கிறது. சரி. யாரோ என்றே இருக்கட்டும்.

ஷெட்டில் முதுகைக் காட்டாதே என்று உனக்கு எழுதியவன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன் ஆசை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாயே. அதையும் கொடுத்துவிட்டு, அம்மா வைக்கிற குங்குமத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் உங்கள் பெயிண்டையே மாற்றியிருக்கிறாய். இங்கே நான் பெரிய பெரிய ஆட்களைப் பார்க்கிறேன், மாரி. அவர்களில் எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் நான் வாய் திறக்க மாட்டேன்.

அண்ணன்


தாராவி
21 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்றுமுறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாளே. அதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம்.

வண்டி ஓடுகிறது! போன ஞாயிறு மூன்றாம் சுற்றும் முடுக்கி, ஒவ்வொரு நட்டிலும் வெள்ளை வைத்து, நாணு சாப் டார்ச் அடித்துத் தானே ஒருமுறை பார்த்து, பிறகுதான் சாவியைத் திருப்பினோம். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு அடித்தொண்டையில் ஒரு உறுமல். பிரதமேஷ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏக் நம்பர்" என்றான், முதல் தரமாம். உஸாமா கேன்டீனுக்கு ஓடிப்போய்ப் பூனைகளுக்குப் பால் வாங்கி ஊற்றினான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

வண்டி இரும்புக்குப் போகாது, அது போதும். இப்போது சாயங்காலங்களில் பிரதமேஷுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். கிளட்சைப் பற்றி நீ எழுதியது சத்தியம். அவன் இரண்டு காலாலும் மிதிக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் சொல்கிறேன். அவன் நன்றாகவே ஓட்டுவான்.

நேற்று மட்டும் ஷெட்டைப் பூட்டுவதற்கு முன்னால் தனியாக ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன். அழுகை வந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

லீவு கிடைக்குமா? ஜனவரிக்கு வருவாய் என்று அம்மா அதிரசத்துக்கு வெல்லம் வாங்கிவிட்டாள்.

மாரி


ராணுவ அஞ்சல் வழி
8 ஜனவரி 2026

மாரிக்கு,

நலம். லீவு இல்லை. பாதை திறந்தால்தான் கீழே இறங்க முடியும். வெல்லம் கெடாது என்று அம்மாவிடம் சொல்.

26ஆம் தேதி நீ எங்கே நின்றாலும் அது உன் வண்டி. அந்த உறுமலை இன்னும் கொஞ்சம் விவரமாக எழுது. இங்கே காற்றின் சத்தம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அண்ணன்


தாராவி
27 ஜனவரி 2026

என் அண்ணனுக்கு மாரி எழுதுவது. எல்லோரும் சுகமோ சுகம்!

நான்தான் ஓட்டினேன்!

பத்து நாளைக்கு முன்னால் நாணு சாப் என்னைக் கூப்பிட்டு, "இருபத்தாறாம் தேதி நீ ஓட்டும்" என்றார். ஏன் சாப் என்று கேட்டேன். "பட்டாளத்தில் ஏன் என்று கேட்குமோ?" என்று முறைத்தார். அவ்வளவுதான். இரண்டாம் தடவை நாங்கள் பூட்டிய வேலையைப் பார்த்து மனசு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளைப் பெயிண்ட் யோசனையும் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பிரதமேஷுக்குச் சொன்னால் வருத்தப்படுவானோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் என்னைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினான். கிளட்ச் மிதித்து மிதித்து அவனுக்கு முட்டு வீங்கிவிட்டதாம்!

நேற்று காலையில் அணிவகுப்பு மைதானத்தில் கொடியேற்றியதும் எங்கள் முறை. பச்சைப் பெயிண்ட் வெயிலில் மின்னியது. நீ கேட்டாயே, அந்தச் சத்தம் முதலில் காதில் கேட்காது, பாதத்தில் கேட்கும். பிறகு முதுகுத்தண்டில் ஏறும். முதல் கியரில் மெதுவாகப் போக வேண்டும் என்று ஆர்டர். மெதுவாகத்தான் போனேன். மேடையில் நின்ற பெரிய சாப்புக்கு முன்னால் திரும்பும்போது உஸாமாவும் பிரதமேஷும் பின்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். வண்டி ஒருமுறைகூட இருமவில்லை.

அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவோடு நின்றாள். காலையில் கையில் குங்குமச் சிமிழோடு ஷெட்டுக்கு வந்துவிட்டாள். நான் பானெட்டைத் திறந்துகூட வைத்தேன். வைக்கட்டும், எங்கள் அடையாளம்தான் வெள்ளையாயிற்றே. ஆனால் அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நட்டு எல்லாம் உங்க சோலி" என்று சொல்லிவிட்டு ஸ்டீரிங்குக்கு ஒரு பொட்டு, எனக்கு ஒரு பொட்டு, அவ்வளவோடு போய்விட்டாள். அண்ணே, நீ ஏதாவது சொன்னாயா?

உன் தங்கை, ஜோங்கா டிரைவர்,
மாரிசெல்வி


தாராவி
2 பிப்ரவரி 2026

மகன் சுரேந்திரனுக்கு அம்மா பேராச்சி எழுதிக்கொண்டது. நான் சுகம். அப்பா சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளியைக் கழற்றாதே. எழுத்துப் பிழை இருக்கும், ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கை, பொறுத்துப் படி. போனில் சொன்னால் பக்கத்தில் அவள் நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை ஓட்டினதை நீ பார்க்காமல் போனாயே. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு போனாள். உன் அப்பா பக்கத்தில் நின்ற போலீஸ்காரனிடம், "எம்மவ" என்றார். அவன் கேட்கவே இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சிவப்பு தீர்ந்துபோயிற்று என்று அவள் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு வீடு கூட்டும்போது அலமாரியில் பார்த்தேன், அந்தச் சிவப்புக் குப்பி பாதிக்குமேல் இருக்கிறது. அந்தப் பிள்ளை எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? பூஜைக்கு முன்னால், முடித்த நட்டுக்குச் சிவப்புப் புள்ளி வைப்போம் என்று அவளே எனக்குக் காட்டியிருக்கிறாள். பூஜைக்கு மறுநாள் வண்டி கெட்டது. சிவப்பு போய் வெள்ளை வந்தது. இவள் ஓட்ட முடியாமல் போயிற்று. கூட்டிப் பார்க்க எனக்கு நாளாயிற்று. என் கையாலே அவள் வாயில் மண்ணைப் போட்டேனே என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் அவள் காலேஜுக்குப் போன நேரம், சயானில் பஸ் பிடித்துச் செம்பூர் போனேன். அந்தச் சுபேதாரைப் பார்த்து, "ஐயா, குங்குமம் வச்சது நாந்தான். அவ இல்ல. எம்மேல பழி வரக் கூடாதுன்னு அவ தலைல போட்டுக்கிட்டிருப்பா" என்றேன். மனிதர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு தன் அம்மாவும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள் என்று மலையாளத்தில் என்னவோ சொன்னார், எனக்குப் பாதி புரிந்தது. நான் வந்து போனதை அவளிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "இல்லம்மா, பறயில்லா" என்று கும்பிட்டார். நல்ல மனிதர். அவருக்கு அதிரசம் கொடுத்தனுப்ப வேண்டும்.

அவள் தன் வேலையைப் பார்த்துத்தான் வண்டியைக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் பொய் இல்லையே. அப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டும். நீ அவளிடம் மூச்சு விடாதே. குங்குமத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நேற்று அவள் தூங்கும்போது கையைப் பார்த்தேன். நகத்து இடுக்கெல்லாம் கறுப்புத்தான். தேய்த்துவிடலாம் என்று எண்ணெய் எடுத்தேன். பிறகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெல்லம் இன்னும் இருக்கிறது. பாதை திறந்ததும் வா.

இப்படிக்கு,
அம்மா